தலைக்கட்டில் இல்லாத பெயர்

மண்ணடி, சென்னை
4.3.1979

அன்பு நண்பன் துளசிங்கத்துக்கு,

ஹை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரி ஆமினா பீவிக்கு மட்டும் மூட்டு வலி. நீ கார்டு போட்டு ஏழு மாதம் ஆகிறது. எழுதத் தெரியாதவனா நீ? ஐந்தாம் வகுப்பில் எனக்கும் சேர்த்துக் கட்டுரை எழுதியவன்தானே!

நம் பழவேற்காட்டுக் கடைகள், குடும்பங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறேன். பஜார் தெரு முடிந்தது. உங்கள் குப்பம்தான் பாக்கி. போய்க் கேட்டால், "அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு பாய்"னு துரத்துகிறார்கள். நம் தலைமுறை போனால் யார் எந்த வீடு, என்ன தொழில் என்று சொல்ல ஆள் இருக்காது. நீ எழுதி அனுப்பு.

உன் அன்பன்
அப்துல் ஹை


ஏரிமுனைக்குப்பம்
22.3.1979

அன்புள்ள ஹைக்கு,

மெட்ராஸ் போனதும் உனக்குப் பெரிய மனுஷப் பேச்சு வந்துவிட்டது. போகட்டும். என் சம்சாரம் ராஜாத்தி உங்களுக்கு இறால் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்து விடுகிறேன்.

உன் பட்டணத்து ஆட்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். ஏரியில் இறால் விழுகிற இடத்தில் எவனும் இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. ஊரின் தலைக்கட்டு ஏட்டில், அதாவது குடும்பத் தலைவர்கள் கணக்கில், பேர் உள்ளவனுக்குத்தான் பாடு என்கிற வலை கட்டும் முறை உண்டு. வருஷம் ஒருமுறை சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரிப்போம். அப்பன் வழியில் வருகிற உரிமை அது. கல்யாணம் ஆனதும் மகன் பேரைத் தனியாக எழுதுவார்கள்.

ஒன்று சொல்கிறேன். என் தாத்தா இந்த ஊர்க்காரர் இல்லை. ஆந்திரா பக்கத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். அவர் தொழில் சுத்தத்தைப் பார்த்து, அந்தக் காலத்துப் பெரியவர்கள் மாமனாருக்கு மகன் என்றே ஏட்டில் எழுதிவிட்டார்கள். நைனா சாகும்போது சொன்னது. ராஜாத்திக்குக்கூடத் தெரியாது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

துளசிங்கம்


ஏரிமுனைக்குப்பம்
10.2.1982

ஹை,

புத்தகம் வந்தது. பத்துப் பிரதி ஊர்க் கோயிலுக்கே அனுப்பியிருக்கிறாய். ஜான் வாத்தியார் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் என் தாத்தா கதை வந்ததும் சட்டென்று நிறுத்தினார். ஊர்ப் பெரியவர் விடவில்லை. "படி வாத்தியாரே"ன்னார்.

"பொண்ணு வழியில பாடு ஏதுபா? உன் கூட்டாளியே எழுதிக்கிறாரு, பொய்யா?"ன்னு அங்கேயே கேட்டார். இந்தத் தையில்தான் மகன் எல்லப்பனுக்குக் கல்யாணம் செய்தேன். இந்தப் பங்குனியில் அவன் பேரை ஏட்டில் எழுத வேண்டும். இப்போது என் பேரையே அடிக்கப்போகிறார்கள்.

அட பாவி, அச்சுக்குப் போகும் முன் ஒரு கார்டு போட்டுக் கேட்டாயா?

மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் போடுகிறார்கள். அன்றைக்கு நீ வந்து, "நான்தான் தப்பாக எழுதிவிட்டேன்" என்று சபையில் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவதாகப் பெரியவர் சொல்கிறார். வா ஹை. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

துளசிங்கம்


மண்ணடி
26.2.1982

அன்பு துளசிங்கம்,

உன் கடிதம் படித்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அல்லாஹ் அறிய, உன் குடும்பத்துக்குப் பெருமை என்றுதான் எழுதினேன். புத்தகத்திலேயே அதுதான் நல்ல பக்கம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு பக்கம் பொய் என்று நானே சொன்னால் மற்ற பக்கங்களை யார் நம்புவார்கள்? சரித்திரத்தை ஆளுக்குத் தகுந்தாற்போல் மாற்ற முடியாதப்பா. அடுத்த மாதம் எனக்குப் பாராட்டுக் கூட்டம் வேறு வைத்திருக்கிறார்கள். கோபிக்காதே. எல்லப்பனை இங்கே அனுப்பு, தெரிந்த பைண்டிங் கடையில் சேர்த்துவிடுகிறேன்.

உன் அன்பன்
அப்துல் ஹை


ஏரிமுனைக்குப்பம்
23.3.1982

அப்துல் ஹை அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் போட்டார்கள். எப்படியும் நீங்கள் வருவீர்கள் என்று, ராஜாத்தி கடைசி பஸ் வரைக்கும் ரோட்டில் நின்றாள். என் பேரை அடித்துவிட்டார்கள். எல்லப்பன் இன்றைக்கு அடுத்தவர் வலைக்குக் கூலியாகப் போயிருக்கிறான். உங்கள் பைண்டிங் கடை அவனுக்கு வேண்டாம்.

முந்தின நாள் உங்கள் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் தாத்தாவின் துணிக்கடை. சொந்த உழைப்பால் ஏற்படுத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கைருன் பீவியின் புருஷன் கடை. அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள், படிக்கத் தெரியாத அந்த அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு தெருவில் விட்டவர் உங்கள் தாத்தா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, அழுதுகொண்டே என்னிடம் சொன்னது நீங்கள்தான். என் தாத்தாவுக்கு மட்டும்தான் சரித்திரமா?

பேரை அடிப்பதற்கு முன் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பாய் பொய் எழுதுற ஆளுன்னு ஒண்ணே ஒண்ணு காட்டுபா. உன் பேர உட்டுர்றோம்"னார். சபையே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லப்பனும் பார்த்தான்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ம. துளசிங்கம்