பதினோராவது அடியில் ஓர் இலை

ஜனவரி 19, ஞாயிறு

கம்பிக் கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. பத்தொன்பது நாளாக டி.வி. மேல் கிடந்து தூசி சேர்த்தது. இன்றைக்கு சுபஸ்ரீ துடைத்துக் கையில் கொடுத்தாள். “தினம் நாலு வரி எழுதுப்பா. ஃபீல்டுக்குப் போனா நாங்க எழுதறோம் இல்ல? அது மாதிரி.”

என் மகள் சென்னையில் ஜியாலஜி, கடைசி வருஷம், வீட்டிலிருந்தே போய் வருகிறாள். சேர்த்தபோது தெருவில் கேட்காத ஆள் இல்லை — “கல்லப் படிக்கறதுக்கு ஒரு காலேஜா?” நான் பொக்லைன் ஓட்டுகிறவன், பத்தாவது பாஸ், அதுவும் இரண்டாவது தடவை. “நான் பூமிய ஒடைக்கறேன், எத ஒடைக்கறேன்னு சொல்றதுக்கு ஆள் வேணாமா?” என்று சொல்லி வைத்தேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 20, திங்கள்

சாப்பிடும்போது பாடம் நடந்தது. பாறை மூன்று வகை. உள்ளே குழம்பாகக் கொதித்து, ஆறி இறுகினால் தீப்பாறை. (என் மனைவி அம்சவல்லி இந்த ரகம். ஆனால் ஆறினதை இருபத்து மூன்று வருஷத்தில் நான் பார்த்ததில்லை.) சேறும் மணலும் தண்ணீருக்கடியில் படிந்து, மேலே பாரம் ஏறி ஏறி இறுகினால் படிவுப்பாறை. ஏற்கெனவே பாறையாக இருந்தது சூட்டிலும் அழுத்தத்திலும் மாட்டி, உருகாமலே வேறு ஆளாகிவிட்டால் உருமாறிய பாறை. நம் பக்கம் ஜல்லி உடைக்கிற கருங்கல் அந்த ரகமாம். அதுவும் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து மணலாகும், மணல் படியும், படிந்தது புதையும், புதைந்தது மறுபடி மாறும்.

“சுத்திக்கினே இருக்கும்ப்பா.”

“அப்ப கல்லுக்கும் ரிடையர்மென்ட் கெடையாதா?”

சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் என்று நம் ஊர்ப் பேரிலேயே ஒரு பாறை வரிசை புத்தகத்தில் இருக்கிறதாம். பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்திய சேறு. அதில் விழுந்த இலைகள் அச்சாகப் பதிந்திருக்கும். அந்தக் காலத்தில் கிணறு வெட்டிப் போட்ட மேட்டில் பொறுக்கியிருக்கிறார்கள். இப்போது கிணறும் இல்லை, மேடும் இல்லை, கம்பெனி. அவளுடைய புராஜெக்ட் அதுதான். மார்ச் கடைசிக்குள் ஒரு துண்டாவது, இடத்தோடு கிடைத்தால் அவள் சார் மேற்படிப்புக்குக் கடிதம் கொடுப்பார். இல்லையென்றால் புத்தகத்தைப் பார்த்து எழுதித் தரவேண்டும். அதற்குக் கடிதம் கிடையாது.

“சாம்பல் கலர்ல, தாள் தாளா உரியற கல்லு வந்தா மிஷின நிறுத்துப்பா. ரொம்பக் காய விடாத, தண்ணியும் ஊத்தாத. பேப்பர்ல சுத்தி வை. எந்த எடம், எத்தன அடி ஆழம், அத மட்டும் மறக்காத. எடம் தெரியாத கல்லு ஊமை.”

“உங்கம்மாவ எந்த எடத்துல வெச்சா ஊமையாவான்னு உங்க சார கேட்டுச் சொல்லு.”

அடுப்படியிலிருந்து கரண்டி பறந்து வந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

ஒரகடம் சைட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் ஆரம்பம். ஆறு அடி. செம்மண், சரளை. ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதினோரு அடி.

பக்கெட் பல் பட்டதும் சத்தம் மாறியது. கருங்கல் என்றால் கீச்சிடும். இது தேங்காய் மூடியைச் சுரண்டுகிற மாதிரி. இறங்கிப் பார்த்தேன். சாம்பல். நகத்தால் நெம்பினேன், உப்பின பூரி மாதிரி இரண்டாகப் பிளந்தது. உள்ளே இலை. நடுவில் நரம்பு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை வரிசை. ஒரு பாதியில் பள்ளமாக, மறு பாதியில் மேடாக.

இது எங்கள் பங்காளிகள் வேர்க்கடலை போட்ட நிலம். மூன்று தலைமுறையாக மேல் ஓரடியைக் கீறிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் எங்கள் ஆழம்.

டிப்பர் ஓட்டுகிற பேச்சிராஜ், திருநெல்வேலிக்காரர், எட்டிப் பார்த்தார். “எந்தக் கொத்தனாரு செதுக்குனது அண்ணாச்சி இது? மூளியில்லாம இருக்கே!”

அதற்குள் சூப்பர்வைசர் ராஜசேகர் வந்துவிட்டான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், மரியாதைக்குக் குறைவில்லை. “அண்ணே, வேற சைட்ல பான ஓடு கெடச்சிதுன்னு தொல்லியல்காரங்க வந்து கவுறு கட்டிட்டாங்க. ஆறு மாசம் வேல நின்னு போச்சு. இங்க நின்னா மொதல்ல வூட்டுக்குப் போறது யாரு? மிஷின் ஓட்டறவரு. ஒங்க பொண்ணு கல்லு படிக்குதுன்னு சொன்னீங்க இல்ல… சொல்லிடாதீங்கண்ணே. ஒங்க நல்லதுக்குத்தான்.”

என் நல்லதில் எத்தனை பேருக்கு அக்கறை.

சாயங்காலத்துக்குள் முப்பது டிப்பர் ஏற்றினேன். அத்தனையும் அந்தச் சாம்பல் கல்தான். அத்தனையிலும் இலை இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் ஓட்டுவதற்கு இருபது வருஷ அனுபவம் வேண்டும்.

அந்த ஒரு துண்டில் பாதியைச் சாப்பாட்டுப் பையிலும் மறு பாதியை மிஷின் டூல் பாக்ஸிலும் வைத்தேன். வீட்டில் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான். போனதும் கேட்டேன், “சாப்ட்டியாம்மா?” சாப்பிட்டாளாம்.

பிப்ரவரி 12, புதன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பையைக் கழுவ எடுத்த அம்சவல்லி கத்தினாள். “யோவ்! இன்னாய்யா இது, கல்லுல வேப்பிலை கீது!”

வேப்பிலை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் என்ன இலை, எங்கே கிடைத்தது, ஏன் மகளிடம் சொல்லவில்லை — மூன்றும் வரும்.

“வெள்ளிக்கெழம அதுவுமா ஆத்தா வூடு தேடி வந்துகீறா, இவுரு சோத்துப் பையில போட்டு வெச்சிகீறாரு! வந்து மணி ஆட்டுய்யா.”

கல்லைத் தாம்பாளத்தில் வைத்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பிறகு பால், திரும்ப மஞ்சள் தண்ணீர். மூன்று நாள் காய்ந்த கல், தண்ணீரைக் குடித்துக் குடித்து பிஸ்கட் மாதிரி ஊறியது. முதலில் ஓரம் உதிர்ந்தது. அப்புறம் அந்த நடு நரம்பு. பத்துக் கோடி வருஷம் தாக்குப் பிடித்தது எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையில் சேறாகப் போனது.

மணியை நான்தான் ஆட்டினேன். நிறுத்தாமல்.

சாயங்காலம் சுபஸ்ரீ வந்தாள். “ஆத்தா கரைஞ்சி வூட்டுக்குள்ளயே எறங்கிட்டாடி” என்று அவள் அம்மா தாம்பாளத்தைக் காட்டினாள். சுபஸ்ரீ சேற்றுக்குள் விரலை விட்டு ஒரு சில்லை எடுத்தாள். விரல் நகம் அளவு. அதில் இரண்டு இலைத்துண்டு மிச்சம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அப்பா. எங்கப்பா கெடச்சிது?”

என் வாய் எனக்கு முன்னால் பேசியது. “ஃபில்லிங் மண்ணு வருதில்ல, டிப்பர்ல… அதுல கெடந்துது. வாலாஜாபாத் பக்கம் ஏதோ ஏரின்னாங்க.”

“ஏன்பா அன்னிக்கே சொல்லல?”

“மறந்துட்டேன்மா.”

நம்பிவிட்டாள். மறதிக்கு நான் பேர் போனவன். இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பெயர் உதவியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வாலாஜாபாத் தாண்டி ஒரு ஏரி. வண்டல் எடுத்த பள்ளங்கள். பைக்கில் நான்தான் கூட்டிப் போனேன். வேறு யார் போவார்கள்? கடப்பாரை என்னுடையது.

தோண்டினோம். இல்லாத இடத்தில் இல்லாததைத் தேடுவது எப்படி என்று தெரிந்துகொண்டேன். ரொம்ப சுறுசுறுப்பாகத் தேட வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அதே ஏரி, தெற்குக் கரை. பள்ளத்தின் சுவரில் கோடு கோடாக வண்டல் தெரிந்தது. “பாருப்பா, இது ஒரு வெள்ளம். இது அடுத்தது. நடுவுல இந்த வெளுப்பு, ஏரி காஞ்சி கெடந்த வருஷம்.” கல்யாணப் பத்திரிகையை வாசிப்பதுபோல மண்ணை வாசித்தாள். மதியம் கருவேல நிழலில் எலுமிச்சை சாதம். தன் முட்டையில் பாதியை என் டப்பாவில் வைத்தாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் இவள் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

சந்தோஷமாக இருந்தேன். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 2, ஞாயிறு

மூன்றாவது வாரம். ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும் என்று எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

வெயில் தாங்காமல் வாந்தி எடுத்தாள். போகலாம் என்றேன். “இன்னும் ஒரு குழிப்பா. நீ சொன்ன எடம்தானே, இருக்கும்.” உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வீட்டில் ஸ்பூனால் சாப்பிட்டாள்.

இப்போதாவது சொல்லு தசரதா. ஒரகடத்துப் பள்ளம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

நாளைக்கு.

மார்ச் 12, புதன்

தொட்டிக்கு அடித்தளம் போட்டாயிற்று. கலவையில் இருப்பது ஜல்லி, அது உருமாறிய பாறை. எம்-சாண்ட், அதே பாறையின் பொடி. அதைக் கொண்டுபோய்ப் படிவுப்பாறை மேல் ஊற்றி இறுக்கினோம். பூமி கோடி வருஷம் எடுத்துச் செய்கிற வேலை, எங்களுக்கு ஏழு மணி நேரம். ராஜசேகர் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தான். எனக்கு இரண்டு.

தின்றேன்.

மார்ச் 21, வெள்ளி

புராஜெக்ட் எழுதி முடித்துவிட்டாள். முப்பத்தொன்றாம் தேதி கொடுக்க வேண்டும். இங்கிலீஷ். எனக்காகத் தமிழில் சொன்னாள். வாலாஜாபாத் ஏரி, பதினேழு குழி, இலை அச்சு காணப்படவில்லை. ஒரகடம் பகுதி, தோண்டியவரிடம் விசாரித்ததில், காணப்படவில்லை.

தோண்டியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

“கடிதம் கஷ்டம்தான்னு சார் சொல்லிட்டாரு. பரவால்லப்பா. சுங்குவார்சத்திரம் கம்பெனில லைனுக்கு ஆள் எடுக்கறாங்க, ஒரு வருஷம் போறேன்.” பிறகு நன்றிப் பக்கத்தைக் காட்டினாள். “நாலு ஞாயிறும் என்னோட மண்ணு தோண்டின எங்க அப்பாவுக்கு. நல்லா கீதா?”

நல்லா கீது என்றேன்.

மார்ச் 24, திங்கள்

பள்ள வேலை முடிந்ததாம், மிஷின் வேறு சைட்டுக்குப் போகிறதாம், அங்கே அவர்கள் ஆளே இருக்கிறாராம். “கூப்புடறேண்ணே” என்றான் ராஜசேகர். எந்த வேலையைக் காப்பாற்ற வாயை மூடினேனோ அது நாற்பத்தொரு நாள் வந்தது. டூல் பாக்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன். வேலை போன மறுநாள் வருகிற நேர்மைக்குத் தமிழில் என்ன பெயரோ.

டூல் பாக்ஸில் இருந்த மறு பாதியைப் பேப்பரோடு அவள் முன்னால் வைத்தேன். காய்ந்து வெடித்து ஆறு துண்டு. சேர்த்து வைத்தால் இலை தெரிந்தது. அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அம்சவல்லிதான் கத்தினாள்: “பெத்த பொண்ண வெயில்ல போட்டு வதைச்சியே, நீயெல்லாம் மனுசனாய்யா!” சுபஸ்ரீ நிமிரவேயில்லை. துண்டுகளைப் பொருத்திக்கொண்டே பேசினாள்.

“யாரும் வேலைய நிறுத்தியிருக்க மாட்டாங்க. நானும் சாரும் வந்திருப்போம். ஒரு மணி நேரம். நாலு துண்டு, நாலு போட்டோ. அவ்ளோதான்.”

“எனக்குத் தெரியலம்மா…”

“கேட்டிருக்கலாம்.”

பிறகு நோட்டை எடுத்தாள். வரைபடத்தை விரித்து என் பக்கம் திருப்பினாள். “எந்த எடம்?” புள்ளி வைத்தேன். “ஆழம்?” பதினோரு அடி. “மேல என்ன மண்ணு? எத்தன அடி செம்மண்ணு, எத்தன அடி சரளை? தேதி?” ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எல்லாம் ஞாபகம் இருந்தது. மறதிக்காரனுக்கு.

ஒரு கேள்வியிலும் ‘அப்பா’ இல்லை. நான் கவனித்ததை அவளும் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சார் கடிதம் கொடுத்துவிட்டார். அந்த ஆறு துண்டு போதுமாம். மேற்படிப்புக்குத் திருச்சிப் பக்கம் விண்ணப்பம் போடுகிறாள். எனக்கு அம்சவல்லி சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. ஏரி இல்லை. கடப்பாரை வாசலில் சாய்ந்து கிடக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

புராஜெக்ட் புத்தகத்தின் ஒரு பிரதி மேஜை மேல் இருந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

நன்றிப் பக்கத்தில் அவள் சார், அவள் அம்மா, கூடப் படிக்கும் இரண்டு பெண்கள். நான் இல்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன், படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில். தகவல் தந்தவர்: திரு. தசரதன், பொக்லைன் ஓட்டுநர். திரு வேறு.

ஒரு தப்பும் இல்லை. இடம், ஆழம், தேதி எல்லாம் சரி.

மூடினேன். அட்டையில் பெரிய எழுத்தில் டி. சுபஸ்ரீ. அந்த டி நான்.

கட்டை விரலால் அதை மறைத்துப் பார்த்தேன். சுபஸ்ரீ என்று மட்டும் படித்தால் நன்றாகத்தான் இருந்தது.

குளியலறைக் கதவு திறக்கிற சத்தம். புத்தகத்தை இருந்த இடத்தில், இருந்த மாதிரியே வைத்தேன்.