செல்வியின் கண்ணைப் படம் எடுத்த வாரம்

ஆவணி 23, திங்கள்

விடியும்போதே வெக்கை. மேற்கே மேகம், மழை இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கிடுது. யாரும் பார்க்கப்போறதில்லை.

வேலை: ரேஷன். கோழிக்குத் தவிடு. செல்வியிடம் மறுபடி கேட்கணும்.

செல்வி என் மகள். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். மருமகன் லாரியில் லோடோடு வடக்கே. அவளுக்குச் சர்க்கரை வந்து ரொம்ப வருசம். நேத்து குழம்பை வட்டிலுக்கு வெளியே ஊத்தினாள். கை நடுங்கிருச்சுன்னாள். கை நடுங்கலை, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கண் வண்டி வருதாம். சர்க்கரை உள்ளவுகளுக்கு கண்ணுக்குள்ள படம் எடுப்பாக. இலவசம். செல்வியைக் கூப்பிட்டேன்.

"மழை பெஞ்சா கம்பெனி லீவு. அன்னைக்குப் போவோம்யா."

"மழை என்ன கிழமை பார்த்தா பெய்யுது?"

"எனக்குத்தான் நல்லாத் தெரியுதே!"

சர்க்கரை இருந்த என் தம்பி பாண்டியும் இதையேதான் சொன்னான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில் ஏணியில் நின்னு, "ஏண்ணே, இந்தப் பக்கம் அடிச்சாச்சா?"ன்னான். அங்கே சுண்ணாம்பு மட்டையே படலை. சுவர் கறுப்பாக் கிடக்கு. நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அடுத்த பொங்கலுக்கு அவனைக் கையைப் பிடிச்சுத்தான் கூட்டிவந்தோம்.

ஆவணி 24, செவ்வாய்

காத்து இல்லை. ரேஷனும் செல்விக்கு மாத்திரையும் வாங்கியாச்சு. தவிடு மறந்துபோச்சு.

செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிற முத்துலட்சுமியைத் தண்ணிக் குழாயில் பார்த்தேன். விசயம் அவள் வாயிலிருந்து வந்தது.

"பெரியப்பா, கண்ணுல கோளாறுன்னு போர்மேன் காதுல விழுந்தா சரத்துல இருந்து எடுத்து பெட்டி ஒட்டப் போட்டுருவாக. அங்கன கூலி கம்மி. அதுக்குத்தான் பயப்படுதா."

"கண்ணு தெரியுதா அவளுக்கு?"

"கொசு பறக்குற மாதிரி இருக்காம். நான் சொன்னேன்னு சொல்லிராதீக."

சாயங்காலம் செல்வியிடம் முத்துலட்சுமி பேரை எடுக்கலை. பாண்டி பேரைத்தான் எடுத்தேன். சத்தம் கூடிப்போச்சு.

"சரி வாரேன். கத்தாதீக. உங்களுக்குக் காய்ச்சல்னு போர்மேன்கிட்ட சொல்லி லீவு கேக்கேன்."

"எனக்கா?"

"பின்ன? வெளிய தெருவ போகாதீக நாளைக்கு, எங்கூட வாரதைத் தவிர."

ஆவணி 25, புதன்

வெயில். காய்ச்சல்காரன் துண்டைப் போர்த்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட்டம். செல்வி கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னாக. நான் டீ வாங்கப் போனேன்.

வந்து பார்த்தால் ஆளைக் காணோம். குழாயடியில் நின்னு கண்ணில் தண்ணி அடிக்கிறாள்.

"ஏ தாயி! என்ன காரியம் பண்ற?"

"எரிஞ்சதுய்யா. கால் தானா வந்துருச்சு."

கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் தண்ணித் தொட்டி. கண்ணில் எது பட்டாலும் முதலில் தண்ணி, பேச்சு அப்புறம். நானும் ஓடியிருப்பேன்.

மருந்தைக் கழுவினதால கருமணி விரியலை. படம் புகையாட்டம் விழுந்துச்சு. அடுத்த வாரம் வாங்கன்னார் படம் எடுத்தவர். செல்வி உடனே செருப்பை மாட்டினாள். முகத்தில் ஒரு நிம்மதி. இன்னைக்கு விட்டா இவள் வரமாட்டாள்.

"சிஸ்டர், மருந்தை மறுபடி விடுங்க. கடைசியா எடுத்தாலும் சரி. காத்துக் கிடக்கோம்."

"எந்த ஊரு? பட்டாசு வேலையா? காலையில இன்னொரு அம்மாவும் இப்படித்தான் கழுவிட்டுப் போனாங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டது அந்த நர்சுப் பிள்ளை. மறுபடி விட்டது.

செல்வியின் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டேன்.

"விடுங்கய்யா, எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும்."

இழுத்துப் பார்த்தாள். எனக்கு இன்னும் பிடி இருக்கு.

இடது கண்ணில் உள்ளே ரத்தக்குழாய் கசியுதாம். வலது பரவாயில்லை. மதுரைக்குப் போய் லேசர் வைக்கணும். திங்கக்கிழமை வரச் சொல்லி எழுதிக்கொடுத்தாக. தீபாவளி கழிச்சுப் போறோம்னாள் செல்வி. "அது வரைக்கும் கண்ணு காத்திருக்காதும்மா"ன்னுச்சு சிஸ்டர்.

திரும்பி வரையில், மருந்து விட்ட கண்ணு கூசுதுன்னு முந்தானையால் முகத்தை மூடி என் தோளைப் பிடிச்சுக்கிட்டே நடந்தாள்.

ஆவணி 26, வியாழன்

மத்தியானம் தூறல், மண்ணு நனையலை. தவிடு வாங்கியாச்சு.

செல்வி வேலைக்குப் போனாள். ராத்திரி சோறு வச்சுக்கிட்டே சொன்னாள். அப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு போர்மேன் கேட்டாராம்.

"அவருக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் கண்ணுன்னு சொல்லிட்டேன்யா."

"ஏன் சொன்ன?"

"திங்கக்கிழமை லீவுக்கு வேற யாரைச் சாகடிக்க?"

ரூமில் எல்லாருக்கும் கை நின்னுபோச்சாம். போர்மேன் திட்டலை. திரியில கண்ணு தப்புனா உனக்கும் ஆபத்து, பக்கத்துல இருக்கவளுக்கும் ஆபத்து, சரியானதும் வா தாயின்னாராம். நாளையிலிருந்து பெட்டி ஒட்டணும்.

அழுதாள். அவள் பயந்தது நடந்துபோச்சு.

மூக்கைச் சிந்தினாள். சோத்தைப் பிசைஞ்சாள்.

"ஐயா, மதுரைக்கு முத பஸ்சு எத்தனை மணிக்கு?"