வாரத்துக்குக் கால் சுற்று

பிப்ரவரி 8, ஞாயிறு

தள்ளினேன். நகரவில்லை. போனில் இவரிடம் தள்ளிவிட்டேன் என்று சொன்னேன். ஏழாவது வாரமாக இதே பொய்.

கராஜை அடைத்துக்கொண்டு நிற்கிறது இவருடைய மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் கார் சக்கரம் மாதிரி இரண்டு. ஐந்நூறு கிலோவுக்கு மேல். வாங்கிய நாளிலிருந்து அதைச் சக்களத்தி என்றுதான் கூப்பிடுகிறேன். டிசம்பர் விடுமுறையில் வந்து பத்து நாள் அதன் மேலேயே குடியிருந்துவிட்டு, துறைமுகத்துக் கிரேன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடுமாம். வாரம் ஒரு முறை சக்கரத்தைக் கால் சுற்றாவது நகர்த்த வேண்டுமாம்.

போகிற அன்று சண்டை. இங்கேயே ஒரு வேலை பார்க்கக் கூடாதா என்றேன். மே மாதம் ஒப்பந்தம் முடியட்டும் என்றார். நான் வாசலுக்குக்கூட வரவில்லை. அதிலிருந்து போனில் இரண்டே நிமிடம். தள்ளினாயா, தள்ளினேன். அவ்வளவுதான் குடும்பம்.

பிப்ரவரி 15

இன்றும் அதே கதை. இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தம்பியை வரவழைத்தேன். இருவரும் தம் கட்டித் தள்ளினோம். அசையவில்லை. அவன் குனிந்து இடது பக்கம் எட்டிப் பார்த்தான். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, பார்க்கிங் பிரேக் போட்டிருக்கு. ஒம்பது வாரமா பிரேக்கையா தள்ளிட்டிருந்தே?"

காலால் அழுத்துகிற சின்ன பெடல். யார் கண்டது? அவன் சிரித்துச் சிரித்து, நான் கொடுத்த டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டான். ஆத்திரத்தில் இவருக்குப் போன் போட்டேன். பிரேக்கைப் போட்டு வைத்துவிட்டு என்னைத் தள்ளச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"போட்டுட்டுத்தான் வந்தேன். வண்டி நகரலியேன்னு நீயா ஒரு போன் பண்ணுவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா, தள்ளிட்டேன் தள்ளிட்டேன்னே சொல்லிட்டிருந்தே."

அதாவது எல்லாம் தெரிந்துதான் தினமும் காத்திருந்திருக்கிறார். நான் வீம்பு என்றால் இவர் அதற்கு மேல்.

மார்ச் 1, ஞாயிறு

நகர்ந்தது!

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இவர் சொல்லச் சொல்லச் செய்தேன். முன்னால் நின்று ஹாண்டிலை இழுக்கக் கூடாது, சக்கரம் மடங்கிவிடும். பிரேக்கை எடுத்து, நியூட்ரலில் போட்டு, பின்பெட்டியில் முதுகைக் கொடுத்து, சுவரில் காலை உதைத்து, மெல்ல மெல்ல. முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டை, ஓடிப்போய்விடாமல் இருக்க. கால் சுற்றுக்கு மூச்சு முட்டிவிட்டது. நாற்பது நிமிடம் பேசினோம். வண்டியைப் பற்றி ஐந்து நிமிடம்கூட இருக்காது.

போனை வைத்த பிறகு வண்டியின் பின்சீட்டில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிரில் இவர் முதுகு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஏங்கினால் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு இவர் வேண்டும்.

மார்ச் 15

ஒரு வாரமாகப் போன் இல்லை. இன்று வந்தது. குரல் சரியில்லை. முகத்தைக் காட்டச் சொன்னேன் — கேமரா கெட்டுவிட்டதாம்.

மார்ச் 29, ஞாயிறு

வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். மே மாதம் வருவதும் சந்தேகமாம், இன்னும் ஒரு வருஷம் ஆகலாமாம். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

சக்களத்தி தொலைந்தாள் என்று நான் குதிக்க வேண்டாமா? வண்டியே வேண்டாம் என்கிறவர் எதற்காக வரப்போகிறார்? நான் ஒருத்தி இருப்பது போதாதா? அங்கே வேற யாராச்சும்... சீ, என்ன புத்தி இது. ஆனா ஏன் மூஞ்சிய காட்ட மாட்டேங்கறார்? ஏன்?

தள்ளத்தான் செய்தேன். கால் சுற்று.

ஏப்ரல் 12

இன்று போனில் கேட்டே விட்டேன். நான் வேலை பார்க்கிற சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே.

"வண்டிய விக்க மாட்டேன். நீங்க வாங்க. எனக்கு நீங்க வேணும்."

வரிசையில் நின்ற ஒரு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏப்ரல் 24, வெள்ளி

வந்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு.

இளைத்திருக்கிறார். வலது கையை பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார், அப்படியே உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், இடது கையால் வாங்கினார். நான் போய் அந்தக் கையை வெளியே எடுத்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மார்ச்சில், கிரேன் கம்பிக்குள் சிக்கிவிட்டதாம்.

"இதுக்குத்தான் கேமரா கெட்டுப்போச்சா?" என்றேன்.

"இந்தக் கையோட எப்படி வர்றது? ஆக்ஸிலேட்டர முறுக்க முடியாது, பிரேக் பிடிக்க முடியாது. இனிமே அத யார் ஓட்டறது?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் சந்தேகத்தையும் சொல்லித் திட்டினேன். பிறகு கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 26, ஞாயிறு

வண்டியை வாசல் பார்த்துத் திருப்பினோம். இவர் இடது கையால் ஹாண்டிலை ஒடிக்க, நான் பின்னாலிருந்து, பிறகு முன்னாலிருந்து. பதினொரு முறை முன்னும் பின்னும். சாயங்காலம் ஆகிவிட்டது. நாளைக்குக் கடையில் லீவு சொல்லிவிட்டு ஓட்டுநர் பள்ளிக்குப் போக வேண்டும்.

ஜூன் 21, ஞாயிறு

தெருமுனை வரை போய் வந்தோம். நான் முன்னால், இவர் பின்சீட்டில். வழியெல்லாம் மெதுவா, மெதுவா என்று என் உயிரை வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். யாராவது பார்த்தால் உடனே பேன்ட் பைக்குள் போய்விடும் அந்த வலது கை இன்று போகவில்லை. போய் வருகிற வரை என் தோளிலேயே இருந்தது. மூன்று விரல்களும் அழுத்திப் பிடித்திருந்தன.