கைப்பிடி வைத்த கடிகாரம்

ஜூன் 3

என் அன்பு வாயாடிக்கு,

மாப்பிள்ளையும் நீயும் நலம்தானே? உன் அப்பன் இன்று நடு ரோட்டில் இறக்கிவிடப்பட்டான். நீ கேட்ட அம்மாவின் பிரெஞ்சுக் கடிகாரத்தைத் துடைத்துச் சரிபார்த்துக் கொடுத்தனுப்பலாம் என்று பையில் வைத்து பஸ் ஏறினேன். பை டிக் டிக் என்றது. பக்கத்து சீட்டு ஆள் எழுந்தார், பின் சீட்டும் எழுந்தது. கண்டக்டர் எட்ட நின்றபடியே, "பெரியவரே, பையைத் தூக்கிட்டு மெதுவா இறங்குங்க. ஓடாதீங்க, குலுக்காதீங்க" என்றார். குதிரை வண்டியில் கையோடு கொண்டுபோகச் செய்த கடிகாரமாம். பஸ்ஸுக்கு ஒத்துவரவில்லை.

நடந்தே கடிகாரக்காரரிடம் போனேன். பித்தளைப் பெட்டியைக் கழற்றினார். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம். பழுது பார்க்கிறவர் ஒவ்வொருவரும் உள்தகட்டில் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறி வைப்பாராம். உள்ளே ஒரு நட்சத்திரம், ஏதோ அந்நிய எழுத்து, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்ன மீன். மனுஷன் வெளுத்துப்போய்விட்டார்.

"அண்ணே, இந்த மீன் நான் போட்டது. இது பாட்டு டீச்சரோடது. அவங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப தம்பிக்காரன் தூக்கிட்டுப் போய் வித்துட்டான். இப்பவும் கடை கடையா விசாரிக்கிறாங்க."

பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். அவரே, "நான் எதையும் பார்க்கலைண்ணே. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

எடுத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன். உனக்குத் தருவதாகச் சொன்னவனும் நான்தான். இது அனுமதி கேட்கும் கடிதம் அல்ல, தகவல். இப்படி எழுத எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

உன் அப்பன்

ஜூன் 6

அப்பாவுக்கு,

நாம் என்ன திருடினோமா? பழைய சாமான் கடையில் அம்மா ஆசைப்பட்டு வாங்கியது. விற்றவன் எவனோ, பழி நமக்கா?

அம்மா போனதும் அவள் புடவைகளைச் சித்திக்குக் கொடுத்தீர்கள். தையல் மிஷினை அத்தைக்குக் கொடுத்தீர்கள். நான் வாயைத் திறந்தேனா? இது ஒன்றைத்தான் கேட்டேன். இங்கே அலமாரியில் அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டேன். ஊருக்கெல்லாம் நல்லவர், பெற்ற மகளுக்கு மட்டும் கையை விரிப்பீர்கள்.

கொடுப்பதானால் கொடுங்கள். அதன் பிறகு எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

மகள்

ஜூன் 11

என் அன்பு மகளுக்கு,

போட வேண்டாம் என்றாய், போடுகிறேன். உன் பேச்சைக் கேட்காதது இது முதல் தடவையா என்ன?

மெத்தைப் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனேன். டீச்சர் கதவைப் பாதி திறந்து, "யாரு?" என்றார். பதற்றத்தில் பெயருக்குப் பதில் தொழிலைச் சொன்னேன், "மெத்தை தைக்கிறவன்மா" என்று. "மெத்தையெல்லாம் வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். மறுபடி தட்டி, பேசாமல் பஞ்சை விலக்கிக் காட்டினேன்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை, கடிகாரத்தைத்தான் திட்டினார். "எங்கேடி ஊர் சுத்திட்டு வர்றே?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியதாம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தாராம். அவருக்கு முன்னால் யார் யார் கையில் இருந்ததோ, அந்த நட்சத்திரக்காரனுக்குத்தான் தெரியும்.

நீ கோபப்படு. உனக்கு அந்த உரிமை உண்டு. அலமாரியில் அந்தக் காலி இடம் கண்ணில் படும்போதெல்லாம் என்னைத் திட்டு. ஆனால் நாளைக்கே கேட்டாலும் இதைத்தான் செய்வேன். பொருளைத் தொலைத்தவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, நம் வீட்டில் அது எப்படி ஓடும்?

புறப்படும்போது டீச்சர் கேட்டார்: "கொஞ்சம்கூடப் பிசகாம ஓடுதே, யாரு இவ்வளவு ஒழுங்கா சாவி கொடுத்தது?"

"நான்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அம்மாதான் கொடுத்தாள் என்று சொல்லவில்லை. கடைசி மாதம் விரலில் பலமில்லாமல் அவள் சாவியைப் பிடித்துக்கொள்ள, அவள் கைமேல் என் கையை வைத்து நான் திருகினேன் என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மாள் கடிகாரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்திருப்பார். நானும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

உன் அப்பன்