ஒரு பஸ்ஸுக்கு இரண்டு பச்சை

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, பெட்டியைத் திறந்து ஒரு சேலையையும் அதற்கென்று வாங்கிய ரவிக்கைத் துணியையும் எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனதுதான். வெயில் அப்போதுதான் கிணற்றடிக்கு வந்திருந்தது. துணியைச் சேலையின் மேல் வைத்து, திருப்பி, தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி பல் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா, வீட்டுக்குள்ள வெளிச்சம் இல்லையா? அடுத்த வீட்டுக்காரி உனக்கு என்னமோ ஆயிட்டுன்னு பாத்துக்கிட்டு நிக்கா."

கடை விளக்கில் அழகாகப் பொருந்திய துணி, வெயிலில் சேலையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. உன் நினைவு வந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த வீட்டுக்காரிக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. அழவேண்டியதை எல்லாம் அழுதாயிற்று. இப்போது உன்னை நினைத்தால் முதலில் வருவது சிரிப்புத்தான். நீ ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாய்.

திருவனந்தபுரத்தில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். எனக்குப் பௌதிகம், உனக்குச் சரித்திரம். பிறகு நான் நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வந்து சேர்ந்தேன். நீ கல்யாணமாகி வடசேரிக்கு வந்தாய். வெறும் எஞ்சினும் சக்கரமுமாக வரும் வண்டிக்கு மரச்சட்டம் கட்டி, தகரம் அடித்து, பெயிண்ட் பூசி பஸ்ஸாக்கி அனுப்புகிற பட்டறை உன் வீட்டுக்காரருடையது. அவர் திடீரென்று இறந்துபோனபோது, பட்டறையை நீ என்ன செய்யப்போகிறாய் என்று ஊரே கேட்டது. நீ மட்டும்தான் கேட்கவில்லை. பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் போய்க் கதவைத் திறந்தாய்.

கோட்டாற்றில் அரிசி வியாபாரம் செய்யும் உன் கொழுந்தனுக்கு அது பொறுக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை; கவலைப்படுகிற மனிதர். நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு நடந்தது.

"மைனி, பெயிண்டு வாடையும் ஆம்பளைகளுக்க சத்தமும் உங்களுக்கு என்னத்துக்கு? பட்டறையை மூடி அரிசி மூடை அடுக்க கிட்டங்கி ஆக்கிருவோம். வீட்டுல இருந்தே வாடகை வாங்கலாம்லா."

நீ நிதானமாகச் சொன்னாய். "பூதப்பாண்டி முதலாளிக்க பஸ்ஸு ஒண்ணு வேலைக்கு வந்திருக்கு. சுசீந்திரம் தேருக்கு முன்னால குடுக்கணும். அதைப் பாத்துட்டு அவரு ரெண்டாவது வண்டியையும் எனக்கிட்ட விட்டா, பட்டறை எனக்கு. விடல்லன்னா நீங்க அரிசியை ஏத்துங்க."

அவர் சரி என்று போய்விட்டார். நான்தான் பயந்தேன். அந்தப் பஸ் வாய்க்கால் பாலத்துச் சுவரில் உரசி, இடப்பக்கம் முழுவதும் நசுங்கிக் கிடந்தது. மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடும். பட்டறையில் இருந்ததோ கம்பியில் தொங்கும் குண்டு பல்புகள் மட்டும். தச்சர் குனிந்தால் அவருடைய நிழலே அவருடைய உளியை மறைக்கும். பெட்ரோமாக்ஸைப் பக்கத்தில் வைத்தால் சூடு தாங்காது.

"ஏட்டி, நீ வெளிச்சத்தைப் பத்தித்தானே படிச்சே? பரீட்சை எழுதினதோட மறந்துபோச்சா?" என்று கேட்டாய். டியூப் லைட் போட வேண்டும் என்பது உன் ஆசை. எதை வாங்குவது, எங்கே மாட்டுவது என்பது என் பொறுப்பாயிற்று.

எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. அத்தனை வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறியாகப் போட்டுக்கொண்டிருந்த வெளிச்சத்தை, முதல்முறையாக ஒரு கூரையில் மாட்டப்போகிறேன்! பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். முதலில் சுவருக்கெல்லாம் வெள்ளையடிக்கச் சொன்னேன். கறுத்த சுவர் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். விளக்குகளைப் பஸ்ஸின் தலைக்கு மேலே மாட்டக் கூடாது என்றேன். அப்படி மாட்டினால் வெளிச்சமெல்லாம் பஸ்ஸின் கூரைக்குப் போய்விடும். வேலை நடக்கும் பக்கங்கள் இருட்டில் நிற்கும். வண்டியின் இரு பக்கமும் நீளவாக்கில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் வரிசையாக மாட்டுவது என்று முடிவாயிற்று.

கோட்டாற்றுக் கடையில் நடந்தது இன்னும் காதில் இருக்கிறது. குழல்களை வைக்கோல் சுற்றி அடுக்கியிருந்தார்கள். நீ ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்து, "இது போதும்லா?" என்றாய்.

கடைக்காரர் சிரித்தார். "இது தனியா எரியாது அக்கா. சோக்கு வேணும், ஸ்டார்ட்டர் வேணும், மாட்டுகதுக்கு மரச்சட்டம் வேணும். மாப்பிள்ளை மட்டும் வந்தாக் கல்யாணம் ஆயிருமா?"

இரண்டு வகை இருந்தது. ஒன்று சற்று மஞ்சள் கலந்த வெள்ளை. மற்றது நீலம் பாய்ந்த வெள்ளை. அதற்குப் பகல் வெளிச்சம் என்று பெயர் சொன்னார்.

"பகலையே கடையில விக்கியளா? அப்பம் அதைத்தான் எடும்" என்றாய் நீ.

"டீச்சர் என்ன சொல்லுகிய?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"பகல்தான்" என்றேன் நானும். பெயரிலேயே பகல் இருக்கும்போது வேறு என்ன யோசிக்க?

விளக்குகளை மாட்டிய அன்று மாலை தெருவே வாசலில் நின்றது. ஊர் முழுக்க விளக்குப் போடுகிற நேரத்தில் மின்சாரம் இளைத்துவிடும் அல்லவா? குழல்கள் கண்ணைச் சிமிட்டின, சிவந்தன, மறுபடி சிமிட்டின. "என்னட்டி, இது எரியப்போகுதா, யோசிக்கப்போகுதா?" என்று நீ என் தோளை இடித்தாய். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. நிழலே இல்லாமல் பஸ்ஸின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"செத்தவன் மூஞ்சி மாதிரில்லா இருக்கு எல்லாருக்கும்" என்றார் பெயிண்டர்.

"செத்தவன் பெயிண்ட் அடிக்க மாட்டான். நீரு அடியும்" என்றாய்.

சாணைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பழைய பல்பைத் தாழ்வாகத் தொங்கவிடச் சொன்னேன். இந்த விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. அதனால் சுற்றுகிற சக்கரம் சில சமயம் நிற்பது போலத் தோன்றும், யாராவது கையை வைத்துவிடுவார்கள் என்று விளக்கினேன். எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மரியாதை தேர் நாள் காலை வரைக்கும் இருந்தது.

பஸ்ஸின் இடப்பக்கத்துக்குப் புதுத் தகரம் அடித்தாயிற்று. வலப்பக்கத்துப் பழைய பச்சைக்குப் பொருத்தமாகப் பெயிண்டர் விளக்கு வெளிச்சத்தில் பச்சை கலந்தார். ஒரு துண்டுத் தகரத்தில் பூசிப் பழையதன் மேல் வைத்தார். நீ பார்த்தாய், நான் பார்த்தேன், தச்சரும் பார்த்தார். ஊசி போட இடமில்லாத பொருத்தம்! அடுத்தடுத்த மாலைகளில் இரண்டு கோட்டு அடித்து முடித்தார். பகலெல்லாம் வண்டி கூரைக்குள்ளேயே, தூசி படாமல் சுற்றிலும் தொங்கவிட்ட சாக்குப்படுதாவுக்குள் காய்ந்தது.

தேரன்று காலை முதலாளி வந்தார். வண்டியை முற்றத்து வெயிலுக்குத் தள்ளினார்கள். வலப்பக்கம் நாற்றங்கால் பச்சை. இடப்பக்கம் குளத்துப் பாசிப் பச்சை.

முதலாளி அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். "ஏ அம்மா, இதென்ன கூத்து? அங்க நின்னா எனக்க பஸ்ஸு, இங்க நின்னா மத்தவனுக்க பஸ்ஸு!"

அதே ரோட்டில் ஓடிய போட்டி பஸ்ஸின் நிறம் சரியாக அந்தப் பாசிப் பச்சைதான்.

பெயிண்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நீ அந்தத் துண்டுத் தகரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் விளக்கடியில், வண்டியிலிருந்து கழற்றிய பழைய தகரம் ஒன்றோடு வைத்துப் பார்த்தாய்: ஒரே நிறம். இரண்டையும் வெளியே கொண்டுவந்தாய்: இரண்டு நிறம். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விளக்கில் சூரியனில் இருக்கும் எல்லா நிறமும் இல்லை, அதனால் என்று ஆரம்பித்தேன்.

"பாடம் அப்புறம் நடத்து, ஏட்டி. வண்டி தேருக்குப் போணும்" என்றாய்.

மறுபடி அடிக்க நேரமில்லை. ஈரப் பெயிண்டோடு அனுப்பினால் தேர் பார்க்க வந்தவர்கள் உடுப்பெல்லாம் பச்சையாகிவிடும். இரண்டு நிறத்தோடேயே பஸ் கிளம்பிப் போயிற்று. வடசேரிச் சந்தையில் அதைப் பார்த்துவிட்டு உன் கொழுந்தன் அன்று சாயங்காலமே வந்தார். சிரிக்கவில்லை, அதுதான் அவருடைய நல்ல குணம். "தை பொறந்தா அரிசி கொண்டு வரட்டா மைனி?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போன பிறகு நீ விளக்குகளைப் போடாமல் வெறும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாய். "தோத்துட்டேனாட்டி?" என்று கேட்டாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே சின்னக் குரல் அது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதலாளி பஸ்ஸோடு வந்தார். ஏச வந்திருக்கிறார் என்று நினைத்தோம். படியிலிருந்து இறங்கும்போதே வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

"அம்மா, மத்தவனுக்க பஸ்ஸுக்கு நின்ன ஆளெல்லாம் நெறத்தைப் பாத்து ஏறிட்டு. நம்ம ஆளு டிரைவர் மொகத்தைப் பாத்து ஏறிட்டு. நிக்க எடமில்ல! இது இப்பிடியே கெடக்கட்டும். ரெண்டாவது வண்டிக்கும் இதே மாதிரி ரெண்டு பக்கமும் ரெண்டு பச்சை அடிச்சுத் தாங்க."

அவர் வாயாலேயே அந்த இரண்டாவது வண்டி வந்துவிட்டது. உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நான் மூச்சு விட்டேன்.

நீ சொன்னாய்: "அப்பிடி அடிக்க மாட்டேன்."

"என்னம்மா?"

"எனக்க பட்டறையில இருந்து போற வண்டி ரெண்டு மொகத்தோட ஓடாது. அடுத்தவனுக்க ஆளை ஏமாத்தி ஏத்த நான் பெயிண்ட் அடிக்கல்ல. இதை இங்க விட்டுட்டுப் போங்க. ஒழுங்கா அடிச்சுத் தாறேன். அதுக்குப் பொறவு ரெண்டாவது வண்டியைப் பத்திப் பேசுவோம்."

அவர் சிரிப்பு நின்றுபோயிற்று. வண்டியை விட்டுவிட்டு நடந்தே போனார். உனக்குப் பைத்தியம் என்று நான் சொன்னேன். "இருக்கட்டும்" என்றாய்.

அந்த வாரம்தான் பட்டறைக்கு உண்மையில் விளக்கு வந்தது என்று சொல்லவேண்டும். பெயிண்ட் அடிக்கும் பக்கத்துக் கூரையில் சில ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டோம். நிறம் கலப்பது முற்பகலில், அந்தக் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே மட்டும் என்று நீ சட்டம் போட்டாய். அந்த வரிசையில் நீல வெள்ளைக் குழல்களைக் கழற்றி மஞ்சள் கலந்ததை மாட்டினோம். கூடவே குண்டு பல்புகளும். தச்சருக்கும் தகர வேலைக்கும் நம்முடைய 'பகல்' போதும். கடைக்காரர் மறுபடி நம்மைப் பார்த்ததும், "பகல் விடிஞ்சுட்டா டீச்சர்?" என்று கேட்டார். "மேகமா இருக்கு" என்றேன்.

முதலாளி வந்தபோது பஸ் முற்றத்தில் நின்றது. சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், தூரப்போய் நின்று பார்த்தார். பழைய பக்கம் எது, புதிய பக்கம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. உன் கொழுந்தனும் அன்று வந்து ஓரமாக நின்றிருந்தார்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார் முதலாளி. "ரெண்டாவது வண்டியை எப்பம் விடட்டும்?"

நீ அவருக்குப் பதில் சொல்லும் முன்னால் கொழுந்தனைப் பார்த்தாய். "அரிசி கோட்டாத்துலயே இருக்கட்டும்." அவர்தான் முதலில் சிரித்தார்.

அதற்குப் பிறகு நான் மாலை வேளைகளில் பட்டறைக்கு வருவது வழக்கமாயிற்று. விடைத்தாள்களை அங்கேதான் திருத்துவேன். சிவப்பு மை அந்த விளக்கில் கறுப்பாகத் தெரியும். பிள்ளைகள் தப்பித்தார்கள் என்பாய். விளக்கு பொய் சொல்வதில்லை, தன்னிடம் இருப்பதை மட்டும் காட்டுகிறது என்று நான் ஒருநாள் சொன்னபோது, "மனுஷனும் அப்பிடித்தான், நாமதான் வெளியே கொண்டுபோய்ப் பாக்கணும்" என்றாய். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். யாரையாவது சட்டென்று பிடிக்காமல்போனால், எந்த வெளிச்சத்தில் பார்த்தேன் என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். உன் கொழுந்தனை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

நேற்று அவர் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இத்தனை மாதமும் பட்டறையை அவர்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு அரிசி தெரியும் டீச்சர், பஸ்ஸு தெரியாது. மைனி இல்லாம அங்க நிக்கதுக்கும் மனசில்ல. தையில மூடிருவோம்னு நெனைக்கேன். எடுத்து நடத்த நல்ல ஆளு யாராவது தெரிஞ்சாச் சொல்லுங்க."

"பாக்கேன்" என்றேன்.

அவரோடு பட்டறைக்குப் போனேன். இப்போது வருகிற வண்டிகள் நீளம். பின்பக்கம் விளக்கு வரிசை முடிந்த பிறகும் பஸ் நீண்டுகொண்டு நின்றது. அங்கே இரண்டு குழல் கூடப் போடவேண்டும், ஆனால் அந்த மூலையில் ஆனி ஆடி மழைக்கு ஓடு ஒழுகும், அதை முதலில் மாற்றவேண்டும், அடுத்த ஆவணியில் ஓணத்துக்குள் கம்பி இழுத்தால் போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். தையில் மூடப்போகிற பட்டறைக்கு ஓணத்து வேலையைப் பற்றி ஏன் யோசிக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

நம் ஊர் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ் ராஜ்யத்தோடு சேர்வதால், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இனி எந்த ராஜ்யத்துச் சம்பளம், எந்த ராஜ்யத்துப் பென்ஷன் என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்தப் பேச்சில் சேரவில்லை. அரைப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு, உன் பட்டறையை நானே எடுத்து நடத்தப்போகிறேன். தலைமை ஆசிரியைக்குத் தெரியாது. தங்கச்சிக்குத் தெரியாது. கோட்டாற்றில் கவலையோடு ஆள் தேடிக்கொண்டிருக்கும் உன் கொழுந்தனுக்கும் இன்னும் தெரியாது.