ஒன்பது குச்சிகளைப் பிடுங்கிய கை

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. கூடுவாஞ்சேரியில் தெருத்தெருவாகக் குப்பை அள்ளிய உன்னிடம்தான் இந்த அசிங்கத்தைச் சொல்ல முடியும். காலேஜ் லீவில் பாலாறு கடலில் சேருகிற இடத்தில் எனக்குப் பயிற்சி வேலை. புதுப்பட்டினத்தில் தங்கி, ஆலாப் பறவைகளின் முட்டைகளைக் காப்பாற்ற வேண்டும்.

ஆலா கூடு கட்டாது நைனா. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம், பார்க்காமல் நடந்தால் சட்னிதான். அதனால் குழிக்கு மூன்றடி தள்ளி ஒரு சவுக்குக் குச்சி நடுவோம். ஒட்டி நட்டால் காக்காய் கண்டுபிடித்துவிடும். ஒன்பது குழி, ஒன்பது குச்சி, எல்லாம் நான் நட்டது.

போன சனிக்கிழமை ஒரு கம்பெனி ஆட்கள் கரையைச் சுத்தம் செய்ய வருவதாக ஏற்பாடு. கரையிலோ குப்பையே இல்லை. முந்தின நாளே நாங்கள் அள்ளி மூட்டை கட்டிவிட்டோம்.

"மூட்டைய அவுத்துக் கொட்டும்மா. அவங்க வந்து இன்னாத்த பொறுக்குவாங்க?" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். கருமம்! அள்ளின குப்பையைத் திரும்பக் கொட்டுவதை உன் சர்வீஸில் நீ பார்த்திருக்கிறாயா?

"அந்தக் குச்சியும் புடுங்கிடு. போட்டோல அசிங்கமா கீது."

"சார், முட்ட கீது சார்."

"நான் பாத்துக்கறேன். உனக்கு சர்டிபிகேட் வேணுமா, வேணாவா?"

பிடுங்கினேன் நைனா. ஒன்பதையும். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

ஒரே கலர் டீசர்ட்டில் பஸ் நிறைய வந்தார்கள். தலைக்கு மேல் ஆலாக்கள் கத்திக்கொண்டு பாய்ந்தன. "வாவ், பேர்ட்ஸ்!" என்று செல்பி எடுத்தார்கள். பஸ் கிளம்பியதும் ஓடிப்போய் மண்டியிட்டுத் தேடினேன். மஞ்சள் கரு, மணல், அதில் மொய்க்கிற எறும்பு. ஒன்று விடாமல் நசுங்கியிருந்தது. வெறுங்கையால் மணலை அள்ளி மூடினேன்.

எத்தனை சோப்பு போட்டும் கை நாறியது, சோறு இறங்கவில்லை. அப்போதெல்லாம் நீ குப்பை அள்ளிவிட்டு வந்து, மூன்று தடவை கை கழுவி, எனக்குச் சோற்றை உருண்டை பிடித்து நீட்டுவாய். "நாறுது, வேணாம் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ அதை உன் வாயில் போட்டுக்கொள்வாய். எப்படி விழுங்கினாய் நைனா?

இன்று மேற்பார்வையாளர் அறிக்கையை நீட்டினார். ஒன்பது குழியும் பத்திரமாம், குஞ்சுகள் பறந்துவிட்டனவாம். கீழே என் கையெழுத்து வேண்டுமாம்.

"எல்லாரும் போடறதுதான். போட்டுட்டுப் போய்கினே இரு."

த்தூ! அந்த வரியை அடித்துவிட்டு, "ஒன்பதும் மிதிபட்டன. குச்சிகளைப் பிடுங்கியது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் பிடித்து வனத்துறைக்கும் அனுப்பிவிட்டேன். சர்டிபிகேட் போச்சு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அது என்ன ஆட்டம் ஆடப்போகிறதோ.

அடுத்த கோடையிலும் அங்கே போவேன். யார் சொன்னாலும் ஒரு குச்சியைக்கூடப் பிடுங்க மாட்டேன், இது உன்மேல் சத்தியம். கனவில் வந்தால் ஒரு உருண்டை கொடு நைனா. இந்தத் தடவை வாங்கிக்கொள்கிறேன்.

உன் கையை நாறுது என்று சொன்ன,
உன் மவ தேவி