கைதட்டல் வாங்கிய மிரட்டல்

புதன், ஐப்பசி மழை.

வண்ணார்பேட்டையில் இன்று முன்னாள் ராணுவத்தினர் விழா. "எதிரி வாலாட்டினால் அவன் தலைநகரையே பிடிப்போம்" என்று மேடையில் முழங்கினார் ஓர் அரசியல் பிரமுகர். ஒரே கைதட்டல். என் மகன் இப்போது எல்லையில் நிற்கிறான். அவர் கீழே இறங்கியதும் கேட்டேன்.

"அண்ணாச்சி, அதுக்கு ஆளும் குண்டும் இருக்கான்னு தளபதிமார்ட்ட கேட்டீயளா? முடியாததச் சொன்னா எதிரி பயப்பட மாட்டான். சோதிச்சுப் பாப்பான்."

அவர் சிரித்தார். "முடிவு எடுக்கது நாங்க வே. பட்டாளத்துக்காரன் சொன்னதச் செஞ்சாப் போதும்."

முடிவு அவர்களுடையதுதான், பட்டாளத்தில் இருந்த காலத்திலும் நான் அதை மறுத்ததில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் என்ன?

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "பயலுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"ஆகாது" என்று சத்தமாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை.